எங்கள் மேசையில் பெண்டிங்

திருப்பதியில் காளஹஸ்தி பஸ் ஏறினால் ரேணிகுண்டா தாண்டி வருவது ஏர்பேடு. கூட்டுரோட்டில் இறங்கி வெங்கடகிரி சாலையில் ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். ராகு கேது பரிகாரத்துக்குக் காளஹஸ்தி போகும் நம் ஊர்க்காரர்களில் பலர் ஜன்னலோரத்தில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிற ஊர். அறிவியல் துறைகளில் வேலை பார்க்கும் எங்களுக்குத்தான் சில ஆண்டுகளாக அந்தப் பெயர் வாயில் புழங்குகிறது. ஆந்திரம் இரண்டானபோது வந்த 2014ஆம் ஆண்டு மறுசீரமைப்புச் சட்டத்தில், புது ஆந்திரத்துக்கு என்னென்ன கல்வி நிறுவனங்கள் தரவேண்டும் என்று பதின்மூன்றாம் அட்டவணையில் ஒரு பட்டியல் உண்டு. அந்தக் கணக்கில் வந்த ஐ.ஐ.டி.யும், ஐசர் என்கிற அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் 2015இல் திருப்பதியில், தனியார் பொறியியல் கல்லூரிக் கட்டடங்களில் ஒண்டுக்குடித்தனமாக ஆரம்பித்தன. பிறகு இரண்டும் ஏர்பேட்டுப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டன.

சொந்த வீடு வந்தால் சாமான் வரும். நல்ல கருவிகள் வந்தன. எங்களைப் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளில் கருவி இருக்கும், ஏ.எம்.சி. என்கிற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்காது, ஏ.எம்.சி. இருந்தால் ஆபரேட்டர் இருக்கமாட்டார். அதனால் "ஏர்பேட்டுக்கு அனுப்பிடு" என்பது எங்கள் துறையில் அன்றாட வசனமாகிவிட்டது. சாம்பிளை அனுப்பு என்று அர்த்தம். சாம்பிளுக்குக் கால் கிடையாது, யாரோ ஒரு பிள்ளைதான் அதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது அந்த வசனத்துக்குள் வராது.

என் ஸ்காலர் ஒருத்தியை அப்படித்தான் அனுப்பினேன். பெயர் வேண்டாம். செங்கம் பக்கத்துப் பெண், வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். பதினோரு மாதம் போராடி ஒரு சேர்மத்தைப் படிகமாக்கியிருந்தாள். படிகம் வளர்கிற கண்ணாடிக் குப்பியை லேபில் வயல் என்போம். "எங்கப்பாகிட்ட, வயல்ல கிரிஸ்டல் வந்திருக்குன்னு சொன்னேன் சார். எந்த வயல்ல, ஏரிக்கரை வயலான்னு கேட்டாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவருக்கு ஏரிக்கரையில் வயல் கிடையாது, அவர் அங்கே கூலிக்குப் போகிறவர் என்று அப்போது எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக என்னிடம் வேலை செய்கிற பெண்.

இந்த வகைப் படிகங்கள் விளைந்த கரைசலுக்குள்ளேயே இருக்கவேண்டும். மதர் லிக்கர் என்போம். அதைவிட்டு வெளியே எடுத்துவைத்தால் உள்ளே மாட்டியிருக்கும் கரைப்பான் மெல்ல ஆவியாகிப் போய்விடும். கண்ணாடிபோல இருந்தது பால்போல் வெளுக்கும், கோடுகோடாக விரியும், கடைசியில் பொடி. பொடியானால் கட்டமைப்பைக் கண்டுபிடிக்க முடியாது, பதினோரு மாதம் போச்சு. அதனால் கரைசலோடு வயலை மூடி, பாராஃபிலிம் சுற்றி, பஞ்சு வைத்த டிபன் பாக்ஸில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டு போகச் சொன்னேன். லக்கேஜ் ரேக்கில் வைக்காதே என்றேன். எக்காரணம் கொண்டும் படுக்கவைக்காதே என்றேன். பாட்டிலைத்தான்.

காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போய், அங்கிருந்து பஸ்ஸில் ஏர்பேடு. போன அன்று கருவியில் ஏதோ கோளாறு. மறுநாள் வரச்சொன்னார்கள், அது மூன்றாம் நாளானது. அந்த மூன்று நாளில் நான் நான்கு முறை போன் பண்ணினேன். நான்கு முறையும் கேட்டது ஒன்றே: "கிரிஸ்டல் காயலையேம்மா?" இல்லை சார் என்றாள். டேட்டா வந்தது, நல்ல டேட்டா. பேப்பரும் வந்தது.

இரண்டு வருடம் கழித்து அவள் வைவா அன்று துறை கேன்டீனில் வழக்கமான கேசரி, பஜ்ஜி. வெள்ளைச் சட்டையில் அவள் அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எம் பொண்ண திருப்பதிக்கெல்லாம் அனுப்பிச்சீங்க. ரெண்டு ராத்திரி ஸ்டேஷன்லயே டப்பாவ மடியில வச்சிக்கினு உக்காந்திருந்துதாம். பெருமாளு பாத்துக்கிட்டாரு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார். அதே மூச்சில், அந்தச் சமயம் ஸ்காலர்ஷிப் வராததால் அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்ததையும், பணம் வந்ததும் பெண் முதல் வேலையாக அதை மீட்டுவிட்டதையும் சொன்னார்.

ஸ்காலர்ஷிப் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

யு.ஜி.சி. ஃபெலோஷிப் பணம் எப்படி வருகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் விகிதம். மாதம் பிறந்தால் சம்பளம்போல் தானாக வந்து விழாது. இந்த மாணவர் இந்த மாதம் வேலை செய்தார் என்று ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் கனரா வங்கியின் இணையதளத்தில் உறுதி செய்யவேண்டும். அலுவலகத்தில் ஒருவர் பதிவேற்றுவார், அவர் பெயர் மேக்கர். இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார், அவர் செக்கர். அவர்களிடம் போவதற்கு முன்னால் ஒரு தாளில் கைடு கையெழுத்தும் எச்.ஓ.டி. கையெழுத்தும் வேண்டும். நாலு வரித் தாள். வாசிக்க அரை நிமிடம் ஆகாது. அது குறித்த தேதிக்குள் போகாவிட்டால் அந்த மாதம் பணம் இல்லை.

அந்த வருடம் தர மதிப்பீட்டுக்கு நாக் கமிட்டி வருவதாக இருந்தது. நான் ஏழெட்டு ஃபைல்களோடு மூழ்கிக் கிடந்தேன். அவளுடைய இரண்டு மாதத்துத் தாள்கள் என் மேசையில், பச்சை ஃபைலுக்கு அடியில் இருந்தன. இருந்தது எனக்குத் தெரியும். அவள் கதவோரம் வந்து நிற்பாள். "சார், அந்த கன்ஃபர்மேஷன்..." என்பாள். "வைம்மா, போட்டுடறேன்" என்பேன். மூன்றாவது முறைக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காததை, அவசரம் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். மூன்று வருடம் தாண்டியவளுக்கு இரண்டு மாதத் தாள் என்றால் 84,000 ரூபாய். மேலிடத்துத் தாமதமும் சேர்ந்து நான்கு மாதம் ஆனது. மேலே இருப்பவர்கள் தாமதிப்பது நிஜம். எங்கள் தாமதத்தைப் பத்திரமாக அதற்குப் பின்னால் ஒளித்துவைக்கிறோம் என்பதும் அதே அளவு நிஜம். "யு.ஜி.சி. இன்னும் ரிலீஸ் பண்ணலை" என்ற ஒற்றை வாக்கியம் எத்தனை கைடுகளின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை.

இது என் தனிக்கதை என்றால் எழுத வேண்டியதில்லை, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். (கேட்டேன். "பரவால்ல சார்" என்றாள். அந்தப் பதில் எனக்கு உதவவில்லை.) எங்கள் வராந்தாவில் உள்ள அத்தனை அறைகளிலும் ஒரு பச்சை ஃபைல் இருக்கிறது. பெயர்தான் வேறு: சினாப்சிஸ் திருத்தம், ஆராய்ச்சியின் முன்னேற்றம் பார்க்கும் டி.சி. மீட்டிங் தேதி, கன்டின்ஜென்சி பில், மகப்பேறு விடுப்பு. ஆராய்ச்சி மாணவிக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு என்று யு.ஜி.சி. விதிமுறையில் இருக்கிறது. அதைக் கேட்டு வந்தவளிடம் "ரிசர்ச்சுல இருக்கும்போதே இதெல்லாம் எதுக்கும்மா" என்று சொன்ன துறை எங்களுடையது. சொன்னவர் கெட்டவர் அல்ல. தீபாவளிக்குத் தன் ஸ்காலர்கள் அத்தனை பேருக்கும் ஸ்வீட் பாக்ஸ் தருபவர்.

இந்த இடத்தில் சேலம் மாவட்டத்துச் செந்தில்குமாரைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பாதிப் பாவமன்னிப்பு. பெற்றோர் பன்றி வளர்த்துப் பிழைத்தவர்கள். பட்டியல் சமூகங்களிலும் ஓரமாக நிறுத்தப்பட்ட சமூகம். அதிலிருந்து படித்து மேலே வந்து, 2007இல் ஹைதராபாத் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பி.எச்டி. சேர்ந்தார். அப்போது அது ஒன்றுபட்ட ஆந்திரம். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 2008 பிப்ரவரி 24 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அதுவரை அவருக்கு ஒரு கைடு ஒதுக்கப்படவில்லை. ஒரு தாளில் தேறாததால் உதவித்தொகைக்கும் சிக்கல் வந்திருந்தது. பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் பல்கலைக்கழகம் குழு அமைத்தது. பாடத் தேர்வு, கைடு ஒதுக்கீடு ஆகியவற்றில் அந்தத் துறையின் நடைமுறைகள் தெளிவாகவும் சீராகவும் இல்லை, அதில் அடிபட்டவர்கள் இடஒதுக்கீட்டில் வந்த மாணவர்கள் என்று அந்தக் குழு கண்டது.

அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் துறையில் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. "அங்கே அரசியல் ஜாஸ்தி" என்றார் ஒருவர். "நம்ம பசங்க அப்படி இல்லை" என்றார் இன்னொருவர். செந்தில்குமார் நம்ம பையன்தான், நம்ம ஊர்க் கல்லூரிகளில் படித்துப் போனவன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வருடம் எங்கள் துறையில் கைடு ஒதுக்கப்படாமல் இரண்டு பேர் இருந்தார்கள். "மார்க்கைப் பார்த்து எடுத்துக்கலாம்" என்று நாங்கள் எல்லோரும் தள்ளிவைத்த இரண்டு பேர். அவர்கள் யார், எந்தக் கோட்டாவில் வந்தவர்கள் என்று இந்த வரியைப் படிக்கிற எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

எட்டு வருடம் கழித்து, 2016 ஜனவரியில், அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா. உயிரறிவியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து பிறகு சமூக அறிவியலுக்கு மாறியவர். கடைசியாக அவர் எழுதிவைத்த கடிதம் நாடு முழுக்க வாசிக்கப்பட்டது. நட்சத்திரங்களைப் பற்றி அதில் இருந்ததை எல்லோரும் பகிர்ந்தோம். தனக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி, 1,75,000 ரூபாய், அது குடும்பத்துக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. அந்த வரியை நாங்கள் பகிரவில்லை. அது கவித்துவமாக இல்லை. அது எங்கள் மேசைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.

மரணம் வரை போனால்தான் அலட்சியம் என்று நான் சொல்லவரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். நன்றியுரையில் எங்களைத் தெய்வத்துக்கு அடுத்து வைத்து எழுதிவிட்டுப் போகிறார்கள். முப்பது தீசிஸ்களின் நன்றியுரைகளை ஒருநாள் லைப்ரரியில் உட்கார்ந்து புரட்டினேன். "என் ஆராய்ச்சிக்கு ஒளிவிளக்காக இருந்த" எல்லாவற்றிலும் இருக்கிறது. நன்றியுரைகளை நம்பினால் தமிழ்நாட்டில் மின்வெட்டே வரக்கூடாது.

அந்த ஒளிவிளக்குகள் செய்யும் வேலைகளில் சில: கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொல்வது. ஏர்போர்ட்டுக்கு வண்டியோடு வரச் சொல்வது. மகனின் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கச் சொல்வது. இந்தக் கடைசி வேலை நான் செய்தது. ஒன்றரை வருடம், வாரம் இரண்டு நாள், என் ஸ்காலர் ஒருவன் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தான். என் மனைவி அவனுக்கு டிபன் கொடுத்துவிடுவாள் என்பதால் அது உழைப்பாக எங்கள் கண்ணில் படவே இல்லை. பையன் கணக்கில் 96 வாங்கினான். அந்த ஸ்காலர் தீசிஸ் கொடுக்க ஆறரை வருடம் ஆனது. டி.சி. மீட்டிங்கில் நான் எழுதியது: "வேகம் போதாது."

கணக்கு வேண்டுமானால் இதையும் பாருங்கள். 2022 விதிமுறைப்படி ஒரு பேராசிரியர் எட்டு ஆராய்ச்சி மாணவர் வரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு. இது உச்சவரம்பு. நாங்கள் அதை இலக்காக வைத்துக்கொண்டோம். எட்டு பேர் இருந்தால் பேப்பர் எட்டு, மேற்கோள் எண்ணிக்கை ஏறும், பதவி உயர்வுப் படிவத்தில் பெட்டிகள் நிறையும். எட்டுப் பேரில் எத்தனை பேரோடு வாரம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினேன் என்று கேட்டால் என் டைரியில் பதில் இல்லை. அதே 2022 விதிமுறை, தீசிஸுக்கு முன் பேப்பர் வெளிவந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிட்டது. நாங்கள் கைவிடவில்லை. "துறை முடிவு" என்று சொல்லி வைத்திருக்கிறோம். நெட் இல்லாமல் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். மத்தியப் பல்கலைக்கழகமானால் மாதம் 8,000 ரூபாய் என்று ஒன்று உண்டு. எங்களிடம் வருகிறவர்களில் சிலருக்கு அதுவும் இல்லை. காலையில் ஏதாவது டியூஷன் சென்டர், மாலையில் லேப். காலையில் ஏன் வரவில்லை என்று வராந்தாவில், எம்.எஸ்சி. பிள்ளைகள் காதில் விழும்படி கேட்டிருக்கிறோம்.

மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், இலவசம். நல்ல ஏற்பாடு, பிள்ளைகள் அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய அன்று போட்டோ எடுத்து நாக் ஃபைலில் சேர்த்தோம். பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களிடம் சொல்ல முடியாததை யாரென்று தெரியாத ஒரு குரலிடம் அவர்கள் ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அந்த போட்டோவில் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் ஏர்பேட்டுக்கு நானே போனேன். இன்னொரு ஸ்காலரின் சாம்பிள். அவனுக்குக் காய்ச்சல், எனக்குக் குற்றவுணர்ச்சி. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, கையைத் தூக்கி மூக்கைச் சொறிய முடியாது. ரேணிகுண்டாவில் பஸ் பிரேக் போட்டபோது நெஞ்சு அடைத்தது. திருப்பதியில் இரவு ரயில் நிலையக் காத்திருப்பு அறையையும் போய்ப் பார்த்தேன். மொட்டை போட்ட தலைகள், தூங்கும் குழந்தைகள், லட்டுப் பைகள். உட்கார இடமில்லை. அவள் எந்த மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று தேடினேன். அசட்டுத்தனம்தான். என்னைப் பொறுத்தவரை அன்று தங்குவதற்கு லாட்ஜ் இருந்தது, பணமும் இருந்தது.

மறுநாள் ஏர்பேடு கூட்டுரோட்டு டீக்கடையில் நிற்கையில், கடைக்காரர் தமிழும் தெலுங்குமாகப் பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் கை காட்டி, அந்த லாரி விபத்து நடந்த இடம் அதுதான் என்றார். பேப்பரில் படித்த நினைவு எனக்கும் இருந்தது. 2017 ஏப்ரல் 21. சொர்ணமுகி ஆற்றில் மணல் அள்ளுவதை எதிர்த்துப் புகார் கொடுக்க முனகலபாலெம் விவசாயிகள் ஸ்டேஷனுக்கு வந்து வெளியே கூடி நின்றிருந்தார்கள். கட்டுப்பாடு இழந்து வந்த லாரி ஒன்று கூட்டத்துக்குள் புகுந்தது. பதினைந்து பேருக்குமேல் இறந்துபோனார்கள். அது விபத்து. அதையும் எங்கள் கதையையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. ஆனாலும் கையில் மனுவோடு ஒரு வாசலுக்கு வெளியே நிற்பவர்கள் என்ற காட்சி அன்று முழுக்க என்னை விடவில்லை. என் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு இருக்கிறது. அதை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் மாலை உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால், கதவின் கண்ணாடி வழியாக, என் மேசையும் அதன்மேல் இருக்கும் ஃபைல்களும் தெளிவாகத் தெரிகின்றன. இத்தனை வருடமும் அவர்கள் தங்கள் தாளைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் துறைக் கூட்டத்தில் இதைப் பேசலாம் என்றேன். நிகழ்ச்சி நிரலில் ஒன்பது விஷயங்கள். ஆராய்ச்சி மாணவர் குறைகள் என்பது எட்டாவது. நான்காவதாக இருந்த ஏ.சி. மெஷின் விவகாரத்திலேயே மணி ஐந்தரை ஆகிவிட்டது. "நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். எழுதிய பேனா என்னுடையது, அந்த முறை குறிப்பெழுதும் பொறுப்பு எனக்கு. எதிர்ப்பு எதையும் நான் பதிவு செய்யவில்லை. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்று பதினெட்டாம் தேதி. எங்கள் துறையில் நான்கு பேருடைய இந்த மாதத்து கன்ஃபர்மேஷன் இன்னும் மேக்கரிடம் போகவில்லை. அதில் இரண்டு என் மேசையில் இருக்கின்றன.